டிரைவர் பூ

தைலம்மை வரைந்த தண்டுக்கீரையை ஓர் ஆடு தின்றுவிட்டது என்று மலையடிவாரத்து ஊர்களில் பெருமையாகச் சொல்வார்கள். அவ்வளவு அச்சு அசலாம். அந்த ஆடு தேர்தல் சுவரொட்டியையும் விடாமல் தின்னும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவள் வரைந்த பூசணிப்பூவில் வண்டு ஒன்று முட்டி மூக்கை உடைத்துக்கொண்டது என்பது இன்னொரு கதை. வண்டுக்கு ஏது மூக்கு என்று கேட்பவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். சோறு கிடைக்காது.

உண்மை இவ்வளவுதான். அங்கே ஒரு மூலிகைப் பண்ணை. பண்ணைக்குள் ஓர் ஓட்டுக் கட்டடம். மலையில் பறித்த செடிகளைக் காயவைத்து, கனத்த தாளில் தைத்து, பக்கத்தில் சீட்டு எழுதி, அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்தார்கள். அந்த அறையின் வடக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து இருபது வருஷமாகச் செடிகளை வரைந்துகொண்டிருந்தாள் தைலம்மை. வயது நாற்பத்து நான்கு.

அவளிடம் சிஷ்யனாக வந்தவருக்கு அறுபத்தொன்று.

பெயர் உலகநாதன். மலைப்பாதையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பதினேழிலும் அவர் ஹாரன் அடிக்கும் விதம் வேறு வேறு என்றும், அதைக் கேட்டே மேலூர்ப் பெண்கள் உலை வைப்பார்கள் என்றும் பேச்சு.

முதல் நாள் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, எனக்கு ஒரே ஒரு பூ வரையணும்."

"என்ன பூ அண்ணாச்சி?"

"அது பொறவு சொல்லுதேன்."

"ஒரு பூ வரையணும்னா அதுக்கு முன்னாடி நூறு பூ வரையணுமே."

"வரைஞ்சிட்டாப் போச்சு."

அந்த ஒரே பூ அப்போது அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

அவருக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். மனைவி இசக்கியம்மாள் அவர் பஸ்ஸிலேயே மேலூருக்குப் போய்க்கொண்டிருந்தாள். பதினொன்றாம் வளைவில் டயர் பஞ்சர். அவர் ஜாக்கி ஏற்றுகிற நேரத்தில் அவள் பாறைமேல் தொற்றி ஏறி, வெடிப்பில் பூத்திருந்த ஒரு சின்னப் பூவைப் பறித்து வந்தாள்.

"ஏங்க, இது என்ன பூ?"

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் உலகநாதன்.

"டிரைவர் பூ."

"அப்படி ஒரு பூவா?"

"டிரைவர் கண்ணுக்கு மட்டுந்தான் தெரியும். அதான் நீ கேள்விப்பட்டதில்ல."

"கண்ணு உங்களுக்கு. பறிச்சது நானாக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே அதை அவருடைய லைசன்ஸ் உறைக்குள், பிளாஸ்டிக்குக்கு அடியில் செருகி வைத்தாள். அன்றிலிருந்து அந்தப் பூ அவர் நெஞ்சோடு சேர்ந்து மலை ஏறி இறங்கியது. ஒருமுறை சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் உறையை வாங்கினார், பூவைப் பார்த்தார், சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். லைசன்ஸ் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்ததை அவர் பார்க்கவேயில்லை.

லைசன்ஸ் பிறகு அட்டையாக மாறியது. உலகநாதன் உறையை மாற்றவில்லை.

இசக்கியம்மாள் கண்ணை மூடி ஐந்து மாதம் கழித்து, ஒரு நாள் உறையைத் திறந்தவர், மூலையில் கொஞ்சம் பழுப்புத் தூள் கிடப்பதைப் பார்த்தார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். பூ உதிர்ந்துகொண்டிருந்தது. முழுதாகத் தூளாவதற்குள் அதை வரைந்துவிட வேண்டும். அதற்காகத்தான் தைலம்மையின் வாசலில் வந்து நின்றார்.

*

தைலம்மை முதலில் அவர் கையில் கொடுத்தது ஒரு பூவரசங்கிளை.

உலகநாதன் பென்சிலைப் பிடித்த பிடியைப் பார்த்தாள்.

"அது பென்சில் அண்ணாச்சி. கியர் இல்ல."

அவர் பிடியைத் தளர்த்தினார். இலை சுலபமாகத் தெரிந்தது. இலையிலிருந்து ஆரம்பித்தார். மதியம் வரை இலை. சாப்பிட்டுவிட்டு ஒரு கண் அசந்தார். எழுந்து வந்து பார்த்தால், காலையில் மஞ்சளாக இருந்த பூ மங்கிச் சிவந்து, வாயை மூடிக்கொண்டு கிடந்தது.

"டீச்சரம்மா, பூவை மாத்திட்டியளா?"

"நான் எதுக்கு மாத்துதேன். அதுவா மாறிட்டு."

"சொல்லியிருக்கலாம்லா?"

"பூ சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சு. நீங்க இலைகூடப் பேசிக்கிட்டு இருந்திய."

மறுநாள் பூவிலிருந்து ஆரம்பித்தார்.

பிறகு ஒரு நாள் ஊமத்தை. இந்த முறை ஒன்றையும் விடவில்லை. இலையில் புழு கடித்த ஓட்டை, அதில் ஊர்ந்த எறும்பு, ஒரு காக்கை போட்டுவிட்டுப் போன வெள்ளைச் சொட்டு, எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் வரைந்து கொண்டுபோய் நீட்டினார்.

தைலம்மை நெடுநேரம் பார்த்தாள்.

"காக்கா எச்சம் ரொம்ப நல்லா வந்திருக்கு."

"அப்ப சரிதானே?"

"காக்கா படம் போடும்போது சேத்துக்கலாம். இது ஊமத்தை. புழு கடிச்சது, காத்து கிழிச்சது, நாம பறிச்ச காயம், இதெல்லாம் செடியோடது இல்ல. காம்பைக்கூட அடியில நறுக்குன மாதிரி சுத்தமா முடிக்கணும். திரும்ப வரைங்க."

இன்னொரு தாளில் ஒரே கிளையில் மொட்டையும் பூவையும் காயையும், காய் வெடித்துச் சிதறிய விதையையும் சேர்த்து வரையச் சொன்னாள். உலகநாதன் தலையைச் சொறிந்தார்.

"இது பொய்யில்லையா டீச்சரம்மா? மொட்டு இருக்கும்போது விதை எங்கிட்டு வரும்? எந்தக் கிளையும் இப்படி இருந்திருக்காதே."

"கிளை இருந்ததில்ல. கிளையோட ஒரு வருஷம் கூடவே இருந்தவங்க இப்படித்தான் பாத்திருப்பாங்க."

ஒன்றே முக்கால் வருஷம் இப்படிப் போயிற்று. நடுநடுவே அவருக்கு ஒரு கேள்வி வரும். பண்ணையைச் சுற்றிப் பார்க்க வரும் பிள்ளைகள் செடியின் முன்னால் நிற்பார்கள், போனை நீட்டுவார்கள், ஒரு தட்டு, போய்விடுவார்கள். அவர் அதே செடியின் முன்னால் மூன்றாம் நாளாக உட்கார்ந்திருப்பார்.

"டீச்சரம்மா, போன்ல ஒரு தட்டுத் தட்டினா படம் விழுது. ஒரு மயிர்க்காலு விடாம விழுது. பின்ன எதுக்கு நாம வரையுதோம்?"

"நல்ல கேள்வி. பென்சிலைச் சீவுங்க."

ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்பார்.

"பென்சிலைச் சீவுங்க அண்ணாச்சி."

அவர் சீவிய பென்சில் தூளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வருஷத்துக்கு வெந்நீர் போட்டிருக்கலாம் என்று பண்ணைக் காவல்காரர் சொல்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

*

மாசி மாதத்தில் ஒரு காலை, உலகநாதன் வந்ததும் மின்விசிறியை நிறுத்தினார். அந்த அறையில் காய்ந்த பூவைத் திறக்கும்போது காற்று ஆகாது. அதை அவர் கற்றிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதான் அந்த ஒரு பூ."

தைலம்மை தொடவில்லை. குனிந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெங்காயச் சருகைப் போல மெலிந்து, டீத்தூள் நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏதோ கிடந்தது. இதழ் எது, காம்பு எது என்று தெரியவில்லை.

அவர் பதினொன்றாம் வளைவையும் ஜாக்கியையும் பாறையையும் சொன்னார். டிரைவர் பூ என்று சொன்னதையும் சொன்னார். தைலம்மை சிரிக்கவில்லை.

"எந்த மாசம் பறிச்சாங்க?"

"ஐப்பசி. மழை விட்டிருந்துச்சு. அந்தப் பாறையே இப்ப இல்ல. ரோட்டை அகலப்படுத்தும்போது வெடி வச்சிட்டாங்க."

"பாறை போனா என்ன, மலையில வேற எங்கயாவது இந்தச் செடி இருக்கும். ஐப்பசி வரட்டும், தேடுவோம். உசுரோட இருக்கிற பூவா வச்சு வரையலாம்."

"அது வேற பூ, டீச்சரம்மா."

அவள் மறுபடி குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"போன்ல எடுத்து வச்சிருக்கியளா?"

"எடுத்தேன். பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன். தூள்தான் பெருசாச்சு."

தைலம்மை கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"வரைய ஒரு வழி இருக்கு. காஞ்ச பூவை வெந்நியில போட்டா விரியும். அலமாரியில இருக்கிற பூவையெல்லாம் நான் அப்படித்தான் வரையுதேன். நைஞ்சுபோன பூ இது. அரை மணி நேரம் நிக்கும்."

"பொறவு?"

"பொறவு வடிச்ச டீத்தூள்."

"திருப்பிக் காயவைக்க முடியாதோ?"

"முடியாது."

"ஒரு தடவைதான்?"

"ஒரே தடவைதான்."

உலகநாதன் உறையை மூடினார். பையில் வைத்தார். பைமேல் கையை வைத்துக்கொண்டே வெளியே போனார்.

ஒன்பது நாள் வரவில்லை. தைலம்மை ஆள் அனுப்பவுமில்லை.

அந்த ஒன்பது நாளும் அவர் வீட்டில், இசக்கியம்மாள் படத்துக்குக் கீழே, உறையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். திறக்காமல் இருந்தால் உதிராது என்று நினைத்தார். எட்டு நாள் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் மனசு கேட்காமல் திறந்தார். திறக்காதபோதும் உதிர்ந்திருந்தது.

"இப்ப என்னட்டி செய்யச் சொல்லுத?" என்று படத்தைக் கேட்டார்.

படம் எப்போதும் போலச் சிரித்தது. புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்ன சிரிப்பு. அவளுடைய சிரிப்பு அது இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும்.

*

பத்தாம் நாள் வந்தார். ஒரு கையில் உறை. மறு கையில் ஓர் எவர்சில்வர் கிண்ணம். விளிம்பில் புள்ளி புள்ளியாக 'இசக்கியம்மாள்' என்று பெயர் வெட்டியிருந்தது.

"வெந்நியை இதுல ஊத்துங்க."

தைலம்மை தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றினாள். ஆவி கொஞ்சம் அடங்கியது. பூவை அவளே போடுவாள் என்று அவர் நினைத்தார். அவள் தூரிகையை அவரிடம் நீட்டினாள்.

உலகநாதன் உறையைச் சாய்த்து, தூரிகை நுனியால் தள்ளினார். பழுப்புத் துணுக்கு தண்ணீர்மேல் மிதந்தது. பிறகு நனைந்தது. பிறகு மெல்ல முழுகியது. முழுகும்போது, தூக்கத்தில் கைவிரிக்கும் குழந்தையைப் போல, ஒவ்வோர் இதழாக விரிந்தது.

முப்பத்து மூன்று வருஷத்துக்கு அப்புறம் அவர் அதைப் பார்த்தார்.

"அரை மணி நேரம்," என்றாள் தைலம்மை.

அவர் வரைந்தார். பூ முதலில். வளைவில் திரும்பும்போது எந்த டிரைவரும் ஸ்டியரிங்கைப் பார்ப்பதில்லை, பாதையைத்தான் பார்ப்பான். உலகநாதன் தாளைப் பார்க்கவில்லை. பூவைப் பார்த்தார். கை தானாக நகர்ந்தது. இதழ் ஐந்து. கீழே இருந்த இதழ் மற்றதைவிடப் பெரிது, நுனியில் ஒரு சின்னப் பிளவு. உள்ளே மகரந்த நூல் எட்டு. அதில் நான்கு குட்டை. இதழின் அடியில் பூனை முடி போல மென்மையான ரோமம். இத்தனையும் நெஞ்சுக்கு மேலே இத்தனை வருஷம் இருந்திருக்கிறது, ஒன்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசியில் காம்புக்கு வந்தார். காம்பின் அடியைப் பார்த்ததும் பென்சில் நின்றது.

தைலம்மை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பென்சில் மறுபடி நகர்ந்தது. காம்பைச் சுத்தமாக, நறுக்கியது போல முடித்தார்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தபோது கிண்ணத்தில் ஓர் இதழ் கழன்றது. பிறகு இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிறம் மாறியது. உலகநாதன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், பூவரச மரத்தின் தூரில் ஊற்றினார். கிண்ணத்தைத் துடைக்கவில்லை.

*

வடிவம் கிடைத்துவிட்டது. நிறம்தான் இல்லை. வெந்நீர் வடிவத்தைத் திருப்பிக் கொடுக்கும், நிறத்தைக் கொடுக்காது.

"என்ன நிறம் அண்ணாச்சி?"

"அதுலதான் சண்டையே. நான் வெள்ளைம்பேன். அவ நீலம்பா. சாகிற வரைக்கும் ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கல."

எட்டு நாள் தைலம்மை அலமாரிகளைப் புரட்டினாள். ஐந்து இதழ், எட்டு நூல், நான்கு குட்டை. கடைசியில், அதே மலையில் அறுபது வருஷத்துக்கு முன்னால் பறித்த இரண்டு தாள்கள் அகப்பட்டன. பூ காய்ந்தால் நிறம் போய்விடும் என்பதால், பறித்தவர்கள் பக்கத்துச் சீட்டில் நிறத்தை எழுதிவைப்பது வழக்கம். ஒருவர் எழுதியிருந்தார்: 'பூ வெண்மை.' இன்னொருவர் எழுதியிருந்தார்: 'பூ இளநீலம்.'

தைலம்மை இரண்டு தாளையும் அருகருகே வைத்தாள்.

"இவங்களும் புருஷன் பொஞ்சாதியா இருந்திருப்பாங்களோ என்னவோ."

உலகநாதன் அன்றுதான் அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐப்பசி வரை பொறுத்தா உண்மையான நிறம் தெரிஞ்சுபோகும்," என்றாள்.

"வேண்டாம். நீலமே போட்டிருதேன்."

"நீங்க வெள்ளைன்னு சொன்னியளே?"

"நான் அன்னைக்கு டயரைப் பாத்துக்கிட்டு இருந்தேன் டீச்சரம்மா. பூவைப் பாத்தது அவதான்."

நீலத்தைக் கரைக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். கரைக்கக் கரைக்கத் தண்ணீர் சேர்த்தார். சொட்டுச் சொட்டாக.

படத்துக்குக் கீழே இரண்டு பெயர் எழுத வேண்டும். உலகம் முழுக்க வழங்கும் லத்தீன் பெயர் ஒன்று. ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர் ஒன்று. முதல் பெயரைத் தைலம்மை சீட்டிலிருந்து வாசித்தாள். உலகநாதன் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நாக்கு மூன்று முறையும் பள்ளத்தில் இறங்கியது.

"ஊர்ப்பேரு?"

"ரெண்டு சீட்டிலயும் அந்த இடம் காலியாத்தான் இருக்கு."

அவர் தயங்கினார். "அது நான் சொன்ன பொய்யில்லா?"

"உங்க வீட்டம்மா எத்தனை வருஷம் அந்தப் பேரைச் சொன்னாங்க?"

"முப்பத்தொரு வருஷம். வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம்."

"பொய்யை அவ்வளவு காலம் யாரும் கூப்பிட மாட்டாங்க. எழுதுங்க."

எழுதினார். டிரைவர் பூ. தைலம்மை தன் பேனாவை எடுத்து, அலமாரித் தாளின் காலி இடத்திலும் அதையே எழுதினாள். பக்கத்தில், பெயர் சொன்னவர் யார் என்பதற்கான இடத்தில், 'இசக்கியம்மாள், பதினொன்றாம் வளைவு' என்று எழுதினாள்.

*

மறுநாள் படம் உலர்ந்திருந்தது. தைலம்மை வழக்கம்போல் பூதக்கண்ணாடியை எடுத்து, நுனியிலிருந்து அடிவரை பார்த்துக்கொண்டே வந்தாள். இதழைப் பார்த்தாள். நூலை எண்ணினாள். ரோமத்தைப் பார்த்தபோது தலையை ஆட்டினாள். காம்பின் அடிக்கு வந்ததும் கண்ணாடி நின்றது.

"அண்ணாச்சி, இந்த இடத்துல அன்னைக்குப் பென்சில் நின்னுச்சே."

"பாத்தியளா?"

"பாத்தேன். என்ன இருந்துச்சு?"

உலகநாதன் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார்.

"நகம் பட்ட தடம்."

"எப்படி இருந்துச்சு?"

"மூணாம் பிறை மாதிரி. அடியிலிருந்து ஒரு நெல்லளவு மேல. இடப்பக்கமாச் சாஞ்சு. அவளுக்குப் பீச்சாங்கை பழக்கம். கட்டைவிரல் நகம் ஒரு ஓரத்துல கொஞ்சம் உடைஞ்சிருக்கும், அதனால பிறையோட ஒரு கொம்பு மழுங்கி இருந்துச்சு. முத தடவை கிள்ளினப்ப அறல. ரெண்டாவது தடவை அதே இடத்துல கிள்ளியிருக்கா. உத்துப் பாத்தா ரெண்டு பிறை."

"போன் படத்துல தெரியுதா?"

"இல்ல. அதுல இல்ல."

"கிண்ணத்துல?"

"அதுதான் கரைஞ்சு போச்சே."

"பின்ன ஏன் வரையல?"

"நீங்கதானே சொன்னிய டீச்சரம்மா. பறிச்ச காயம் செடியோடது இல்லன்னு. காம்பைச் சுத்தமா முடிக்கணும்னு. பூவோடது இல்லாததை எப்படிப் போடுறது?"

தைலம்மை கண்ணாடியை மேஜைமேல் வைத்தாள். படத்தை அவர் பக்கம் திருப்பி நகர்த்தினாள்.

"முப்பத்து மூணு வருஷமா அந்தக் காம்பு அதை விடலையே, அண்ணாச்சி. பென்சிலைச் சீவுங்க."